கனகாம்பரக் கல்

அந்த மெஷின்ல துணி போடாதீங்க தம்பி. அது சுத்தும், ஆனா தண்ணி எறங்காது. அடியில பம்பு போயிருச்சு. ஆபீசுல சொல்லி ஒரு வாரம் ஆச்சு, யாரும் வந்து பார்க்கலை. பக்கத்துல இருக்குது பாருங்க, அதுல போடுங்க. சில்லறை இருக்குதுங்களா? இது கால் டாலர் குவார்ட்டர் காசு மட்டும்தான் திங்கும். இந்தாங்க. அட, வெச்சுக்குங்க, என்கிட்ட டப்பா நெறையக் கெடக்குது.

தமிழான்னு நான் உங்களைக் கேக்கவே இல்லை பாருங்க. நேத்து சாயங்காலம் கேபின் வாசல்ல நின்னுக்கிட்டு பாப்பாவை "ஓடாதே, விழுந்து தொலைக்காதே"ன்னு கத்துனீங்கல்ல. அது என்ர வண்டி வரைக்கும் கேட்டுச்சு. தட்டுல சோத்தைப் போட்டு உக்காந்தவன் எந்திரிச்சுப் போய் ஜன்னலைத் தெறந்து வெச்சன். இன்னொருக்கா கத்துவீங்கன்னு பார்த்தன். பாப்பா அதுக்கப்பறம் ஓடலையாட்ட இருக்குது.

போர்வை பூரா நனைஞ்சு போச்சா? ஜூஸைக் கொட்டிப்போட்டாளா? சரி விடுங்க, கொழந்தைன்னா அப்படித்தான். உக்காருங்க. துவைச்சுக் காயறதுக்கு எப்படியும் நேரம் ஆகும். வீட்டம்மா அங்க தேடுவாங்களா? தேடட்டும், தேட ஆள் இருக்கறது நல்லதுதான்.

என்ர பேர் குழந்தைவேலு. கோயமுத்தூர் பக்கம், சூலூர்ல இருந்து உள்ள தள்ளி. பம்பு கம்பெனியில டிசைன் என்ஜினியரா இருந்தனுங்க. இந்த நாட்டுக்கு வந்ததே பம்பாலதான். இங்க எல்லாரும் வேல்னு கூப்புடுவாங்க. முழுப்பேரு அவிகளுக்கு வாயில நொழையாது.

உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கோணும் தம்பி. நீங்க படிச்சவரு, வெளியாளு, என்னை முன்னப் பின்னத் தெரியாது. அதனாலதான் கேக்கறன். இன்னைக்கு நாலு மணிக்குள்ள நான் ஆபீசுக்குப் போய் ஒரு கையெழுத்துப் போடோணும். போட்டா இந்த கிளப்புல ஆயுள் மெம்பர். போடலைன்னா நாளைக்குக் காலையில வண்டியை எடுத்துக்கிட்டுக் கெளம்பீரோணும். போடறதா, கெளம்பறதா?

நீங்க ரெண்டு நாள் லீவுக்கு வந்தவரு, உங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது. சொல்றன். இந்த மாதிரி காம்ப்கிரவுண்டு இந்த கிளப்புக்கு நெறைய இருக்குது. மெம்பர் ஆயிட்டா எதுல வேணும்னாலும் போய் வண்டியை நிறுத்திக்கலாம். கரண்டு, தண்ணி, கழிவுக் குழாய் எல்லாம் குடுத்துருவாங்க, ராத்திரி வாடகை கெடையாது. ஒரு எடத்துல ரெண்டு வாரம் இருக்கலாம். அப்பறம் அடுத்த எடம். அங்க ரெண்டு வாரம். இப்படியே சுத்திக்கிட்டு இருக்கலாம், கேக்க ஆள் இல்லை. ஆனா முதல்ல ஒரு பெரிய தொகை கட்டோணும். அப்பறம் வருசா வருசம் பராமரிப்புன்னு ஒண்ணு, அது உசுரு இருக்கற வரைக்கும். வேண்டாம்னு தோணுனா விக்கலாம்னு பார்த்தா வாங்க நாதி இருக்காது. ஆயுள்னு சொன்னா என்ர வயசுக்கு அது எவ்வளவுன்னு அவிகளும் யோசிச்சிருப்பாங்க, நானும் யோசிச்சுட்டன்.

எனக்கு லாபந்தானுங்க. நான் வருசம் முச்சூடும் வண்டியிலதான் இருக்கறன். அதோ, அந்த மரத்துக்குப் பக்கத்துல வெள்ளையா நிக்குது பாருங்க. மோட்டார் ஹோம். உள்ள கட்டில் இருக்குது, அடுப்பு இருக்குது, பாத்ரூம் இருக்குது. அதுதான் வீடு. வேற வீடு கெடையாது.

ஒரே ஒரு கொறை. இந்த கிளப்புக்கு இங்க அரிசோனாவுல எடம் இருக்குது, டெக்சாஸ்ல இருக்குது, கலிபோர்னியாவுல இருக்குது. நியூஜெர்சிப் பக்கம் ஒண்ணுகூட இல்லை. என்ர பொண்ணு சிந்துஜா நியூஜெர்சியில இருக்கறா. சாந்தாமணியும் அங்கதான் இருக்கறா. சாந்தாமணி என்ர வீட்டுக்காரி.

வண்டி வாங்குன கதையைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. நான் ரிட்டையர் ஆன வருசம் அது. ரிட்டையர் ஆனா நாடு பூரா சுத்தோணும்னு எங்களுக்கு ரொம்ப நாள் ஆசை. எங்களுக்குன்னா, எனக்கு இருந்தா அவளுக்கும் இருக்குந்தானுங்களே. அவ தம்பி மகன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தா. சரி, இதுதான் சமயம்னு நான் போய் வண்டியை வாங்கிப்போட்டன். அவகிட்டச் சொல்லலை. அவளைக் கூட்டிக்கிட்டு வர டாலஸ் ஏர்போர்ட்டுக்கு அந்த வண்டியிலயே போனன். போலீஸ்காரன் விசில் அடிக்கறான், பின்னால நிக்கற காரெல்லாம் ஹாரன் அடிக்குது. அவ ரெண்டு பெட்டியைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்தா. கார் எங்கைன்னு தேடறா. நான் எறங்கிப் போய், "ஏறு சாந்தா, இனி இதுதான் நம்ம வீடு"ன்னன்.

ஒரு வார்த்தை பேசலைங்க. அவ்வளவு சந்தோசம். வாய் அடைச்சுப் போச்சு. பின்னால கட்டில்ல போய் உக்காந்தவ, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் முன்னால வரலை.

அப்பறம் அந்த வீட்டையும் வித்தன். ரெண்டு பேர் கையெழுத்து வேணும்னாங்க. பேனாவைக் குடுத்தன், போட்டா. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா. நாப்பது வருசத்துல பேசுனதே இல்லை. வேற பொம்பளையா இருந்தா ரகளை பண்ணியிருப்பா. அந்த வீட்டுல இருந்தப்ப அவளுக்கு ஒரே வேலைங்க தம்பி. காலையில நாலஞ்சு பொம்பளைகளோட நடக்கப் போவா. சனிக்கிழமையானா கோயில் சமையல்கட்டுல நின்னு நூறு பேருக்கு எலுமிச்சம்பழச் சோறு கிளறுவா. வேர்த்து விறுவிறுத்து வருவா, கையெல்லாம் மஞ்சளா இருக்கும். இருந்தாலும் வாய் ஓயாது, அவ சொன்னா இவ சொன்னான்னு கார்ல வர்ற வழி பூராப் பேச்சு. அந்தக் கஷ்டத்துல இருந்தெல்லாம் அவளை வெளிய கொண்டாந்தது நான்தானுங்க.

ஒரு குளிர்காலம் பூரா சுத்துனம். நல்லா இருந்துச்சு. நான் உள்ளதைச் சொல்றன், சில்லறைச் சங்கடம் இருந்துச்சுதான். அடுப்புல குக்கரை வெச்சா கரண்டி வெக்க எடம் இருக்காது. தாளிச்சா மூணு நாளைக்குத் தலகாணியில வாசம் அடிக்கும். ஒரு நாள் குளிச்சுக்கிட்டு இருக்கறா, தண்ணி நின்னு போச்சு. தலை பூரா சீயக்காய். நான் வெளிய நின்னு, "டாங்க்கு அளவு பார்த்துக் குளிக்கோணும்னு சொன்னனா இல்லையா"ன்னன். அதுக்கப்பறம் அவ குளிக்கறப்ப தண்ணி விழுகற சத்தமே கேக்காது. அவ்வளவு சூதானமாக் கத்துக்கிட்டா.

முன்சீட்டுலதான் ஒரு பிரச்சினை. உக்காந்தா பெல்ட்டைப் போடோணும், இல்லைன்னா வண்டி கத்தும். கீ கீ கீன்னு காதுல ஊசி குத்தற மாதிரி. அவளுக்கு அது மட்டும் மனசுல நிக்காது. ஏறுவா, உக்காருவா, அப்படியே வெளிய பார்த்துக்கிட்டு இருப்பா. வண்டி கத்தும். "பெல்ட்டைப் போடு சாந்தா"ம்பன். போடுவா. அடுத்த நிறுத்தத்துல எறங்கி ஏறுவா, மறுபடியும் கத்தும். "பெல்ட்டைப் போடு சாந்தா." சில நாளைக்கு எங்களுக்குள்ள பேச்சுன்னு நடந்தது அது ஒண்ணுதான்.

அப்பறம் சிந்துஜாவுக்குப் பிரசவம். அம்மா போகாம யாரு போறது? மூணு மாசம்னு போனா. அவ பெட்டி கட்டறப்பப் பார்த்தன், குக்கரையும் எடுத்து உள்ள வெக்கறா. மூணு மாசத்துக்கு எதுக்கு இதுன்னன். "அங்க இருக்கறது அளவு பத்தாதுங்க"ன்னா. முன்யோசனை ஜாஸ்தி. ஊர்ல இருந்து கொண்டாந்த முருகன் படத்தையும் துணிக்கு நடுவுல சுத்தி வெச்சா.

பேரன் பொறந்தான். தலை நிக்கட்டுங்கன்னா. நின்னுச்சு. நடக்கட்டுங்கன்னா. நடந்தான். பேசட்டுங்கன்னா. இப்ப அவன் முதுகுல பையை மாட்டிக்கிட்டு நர்சரிக்குப் போறான். மூணு வருசம் ஓடிப் போச்சு. கொழந்தை மேல அவ்வளவு உசுரு, விட்டுட்டு வர மனசு வரலை. நான் அதைத் தப்புன்னு சொல்ல மாட்டனுங்க.

போகாம இருப்பனுங்களா? போனன். வண்டியை எடுத்துக்கிட்டு அரிசோனாவுல இருந்து நியூஜெர்சி வரைக்கும் ஒத்தையா ஓட்டிக்கிட்டுப் போனன். பொண்ணு வீட்டு முன்னால நிறுத்துனன். அந்தத் தெருவுல பெரிய வண்டி நிக்கக் கூடாதாம், மறுநாளே நோட்டீசு ஒட்டிப்போட்டாங்க. மாப்பிள்ளை தங்கமான பையன். "மாமா, கீழ ரூம் சும்மாதான் இருக்குது, இங்கயே இருங்க"ன்னாரு. ரூமைக்கூடத் தெறந்து காட்டுனாரு, புதுப் போர்வை விரிச்சிருந்துச்சு. நம்ம பக்கம் அப்படி ஒரு வழக்கம் உண்டுங்களா? பொண்ணைக் கட்டிக் குடுத்த எடத்துல மாமனார் போய் டேரா போடறதா? எங்கப்பா எங்கக்கா வீட்டுக்குப் போனா பச்சைத் தண்ணி குடிச்சுட்டு வாசல்லயே திரும்பிருவாரு. பொம்பளை போகலாம், பிரசவத்துக்குப் போனவ, அது வேற. எனக்குன்னு வீடு நாலு சக்கரத்துல இருக்கறப்ப நான் எதுக்கு அடுத்தவன் போர்வையில படுக்கோணும்? நாப்பது மைல் தள்ளி ஒரு காம்ப்கிரவுண்டு கெடைச்சுது. அங்க இருந்தன். ஞாயித்துக்கிழமை வந்து பார்த்தாங்க. பேரனுக்கு ஸ்டியரிங்கைக் காட்டுனன். ஹாரனை அடிச்சு அடிச்சு விளையாண்டான்.

சாந்தாமணியை வர்றியான்னு கேட்டனான்னா கேக்கறீங்க? அதை எதுக்குங்க தம்பி கேக்கோணும்? வண்டி நிக்கறது அவளுக்குத் தெரியும். கதவு தெறந்து இருக்கறது தெரியும். ஏறுறதுக்கு ஒருத்தருக்கு அழைப்பு வெக்கோணுமா? அவ சாயங்காலம் வரைக்கும் இருந்தா, எனக்கு மூணு நாளைக்குக் கொழம்பு வெச்சு டப்பாவுல ஊத்தி, மேல என்ன கொழம்புன்னு எழுதி ஒட்டிக் குடுத்துட்டு, கார்ல ஏறிப் போயிட்டா. நானும் பனி விழறதுக்கு முன்னால தெக்க எறங்கிட்டன்.

இருங்க, மெஷின் நின்னுருச்சு. அதை எடுத்து அந்தப் பக்கம் காயப் போடுங்க. இந்தாங்க, இன்னும் காசு. உக்காருங்க, உக்காருங்க. இனிமேதான் விசயமே இருக்குது.

போன வருசமே நான் இந்த கிளப்புல சேரப் பார்த்தனுங்க. டெக்சாஸ்ல இவிக எடம் ஒண்ணுக்குப் போனன். ரெண்டு வாரம் சும்மா தங்கிக்கலாம், பதிலுக்கு ஒரு நாள் உக்காந்து அவிக சொல்றதைக் கேக்கோணும். அங்க முதல்ல கேட்ட கேள்வி, "கல்யாணம் ஆயிருச்சா?" ஆச்சுன்னன். "வீட்டம்மா எங்க?" நியூஜெர்சின்னன். அப்ப முடியாது, ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கன்னு அனுப்பிப்போட்டாங்க. என்ன காரணம்னா, தனியா வர்ற ஆம்பளை எல்லாத்தையும் கேட்டுப்போட்டு கடைசியில "வீட்டுல கேட்டுச் சொல்றன்"னு நழுவிருவானாம். அவிகளுக்கு அந்த சாக்கே ஆகாது. அதனால புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே சோபாவுல உக்காரோணும், அதுதான் சட்டம். நான் சாந்தாமணிக்கு போன் பண்ணி, "ஒரு வாரம் வந்துட்டுப் போ, ஒரு கூட்டத்துல உக்காரோணும்"னன். "பையனுக்குச் சளிங்க"ன்னா. சரின்னு விட்டுட்டன்.

இந்தத் தடவை இங்க வந்தன். ஆபீசுல டெபின்னு ஒரு அம்மா. அதே கேள்வி. "கல்யாணம் ஆனவரா? வீட்டம்மா கூட வந்திருக்காங்களா?" நியூஜெர்சின்னு சொன்னா கதவு சாத்திக்கும்னு தெரியும். எனக்கு என்ன தோணுச்சோ, "இல்லைங்க, அவ செத்துப் போயிட்டா, மூணு வருசம் ஆச்சு"ன்னு சொல்லிப்போட்டன்.

பார்க்காதீங்க தம்பி அப்படி. இங்கிலீசுலதான் சொன்னன்.

அந்த மூணு வருசம்ங்கறது எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலை. யோசிக்கவே இல்லை, தானா வந்துச்சு. டெபி எழுதறதை நிறுத்திட்டு என்ர கையைப் பிடிச்சுக்கிட்டா. "ஐ ஆம் சோ சாரி"ன்னா. எனக்கு கண்ணுல பொலபொலன்னு தண்ணி வந்திருச்சு. துடைக்கத் துடைக்க வருது. எனக்கு இவ்வளவு நல்லா நடிக்க வரும்னு எனக்கே தெரியாது. காலேஜுல ஒரு நாடகத்துல வாயில்காப்போனாக்கூட என்னைச் சேர்த்துக்கலை.

அதுக்கப்பறம் பாருங்க. மூணு வருசமா இந்த மாதிரி எடத்துலதான் சுத்தறன். காலையில "குட் மார்னிங்"ம்பாங்க, நாய்க்குட்டியைத் தடவிக் குடுக்க விடுவாங்க, அதோட சரி. எவனும் உள்ள வான்னு சொன்னதில்லை. இங்க சேதி பரவுன சாயங்காலமே கேரல்னு ஒரு அம்மா சூப்பு எடுத்துக்கிட்டு வந்துச்சு. அதோட வீட்டுக்காரரும் தவறிப் போயிட்டாரு, நெசமாவே. மறுநாள் வால்ட்டுன்னு ஒருத்தரு வந்து, நிழலுக்கு இழுத்து விடற துணி கிழிஞ்சு தொங்குனதைத் தானா ஏணி போட்டுத் தெச்சுக் குடுத்தாரு. புதன்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவாங்க, அதுல எனக்குன்னு ஒரு நாற்காலி. நான் வர்ற வரைக்கும் ஆரம்பிக்க மாட்டாங்க தம்பி.

எல்லாரும் சாந்தாமணியைப் பத்திக் கேப்பாங்க. எப்படி இருப்பாங்க, என்ன பண்ணுவாங்க, எப்படிப் பார்த்தீங்க முதல்ல? நானும் சொல்லுவன். பொண்ணு பார்க்கப் போனப்ப அவ காப்பித் தட்டோட வந்தவ, எங்க சித்தப்பாவை மாப்பிள்ளைன்னு நெனைச்சு அவருகிட்டப் போய் நின்னதைச் சொன்னன், கேரலுக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்திருச்சு. எலுமிச்சம்பழச் சோத்தைச் சொன்னன். கையில மஞ்சளோட வருவாளே, அதைச் சொன்னன். இவ்வளவு பேச்சு அவளைப் பத்தி எனக்குள்ள இருந்துச்சுன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது. நீங்க அவளை ரொம்ப நேசிச்சிருக்கீங்க வேல்னு கேரல் சொல்லுச்சு. ஆமான்னன். இதுல பொய் இல்லைங்களே.

அப்பறம்தான் இந்தக் கல்லு. இந்த எடத்துல ஒரு வழக்கம் வெச்சிருக்காங்க. பின்னால நடக்கற பாதை ஒண்ணு இருக்குது, ஓரத்துல பூராக் கல்லு. மெம்பரா இருக்கறவிக, புருசனோ பொண்டாட்டியோ தவறிப் போனா, ஒரு கல்லுல பேரை எழுதி, பூவோ குருவியோ வரைஞ்சு அங்க வெப்பாங்க. எல்லாரும் சுத்தி நின்னு ஆளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க. எனக்கும் பண்றோம்னு கேரல் கெளம்பிருச்சு. நீ இன்னைக்குக் கையெழுத்துப் போட்டேன்னா சாயங்காலமே வெச்சிரலாங்குது. நம்ம ஊருல கல்லு நடறதுன்னா அது கருமாதிக்கு. எனக்கும் அது தெரியாம இல்லை. ஆனா இது பெயிண்ட் அடிச்ச கல்லுதானுங்க, மந்திரம் உண்டா, எள்ளு உண்டா, ஒண்ணும் கெடையாது. அவிக ஆசையா செய்யறதை எப்படி வேண்டாங்கறது? உண்மையைச் சொல்லலாம்னா, தெச்சுக் குடுத்த வால்ட்டு மூஞ்சியை எப்படிப் பார்க்கறது? கையெழுத்துப் போட்டு மெம்பர் ஆனதுக்கப்பறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்னு வெச்சிருந்தன். புருசன் பொண்டாட்டிக்கு ரெண்டு கார்டு தருவாங்க, ரெண்டாவது கார்டுல சாந்தாமணி பேரைச் சேர்த்துப்போட்டா முடிஞ்சுது.

கேரல் கல்லுல பேரை எழுதிருச்சு. அதுக்கு அந்தப் பேரு வாயில வராம நாலு நாள் பழகி எழுதுச்சு. "என்ன பூ வரையட்டும், அவங்களுக்கு என்ன பூ பிடிக்கும்?"னுச்சு. ரோஜான்னன். "எல்லா ஆம்பளைகளும் ரோஜாதான் சொல்றாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லு"ன்னு திருப்பி அனுப்பிப்போட்டுது.

யோசிச்சன் தம்பி. நாப்பது வருசம். தலையில வெச்சுப் பார்த்திருக்கறன். என்ன பூன்னு பார்த்ததில்லை.

நேத்து மத்தியானம் போன் பண்ணுனன். ஞாயித்துக்கிழமைதான் பேசுவோம். வேற நாள்ல கூப்பிட்டதும் பதறிப் போய் எடுத்தா. "ஏனுங்க, உடம்புக்கு ஏதாச்சுமா?" "இல்லை, உனக்கு என்ன பூ பிடிக்கும்?"னன். அந்தப் பக்கம் பேரன் பொம்மைக் காரை ஓட்டற சத்தம் மட்டும் கேக்குது. அப்பறம், "யாரு கேக்கறாங்க?"ன்னா. நான் கேக்கறன்னு சொல்லலை, கேரல் கேக்குதுன்னன். கேரல் யாருன்னா. சரி, இனி மறைச்சு என்ன ஆகப் போகுதுன்னு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். ஆபீசு, டெபி, மூணு வருசம், சூப்பு, கல்லு, எல்லாம்.

உங்களுக்குத் தூக்கிவாரிப் போடுது, முகத்துல தெரியுது. நானும் அதைத்தான் எதிர்பார்த்தன். தாலியோட இருக்கறவளைச் செத்தவன்னு சொன்னா எந்தப் பொம்பளை சும்மா இருப்பா? வெடிச்சிருவான்னு நெனைச்சு போனைக் காதுல இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிச்சன்.

சிரிச்சா தம்பி. முதல்ல மெதுவா, அப்பறம் அடக்க முடியாம. கல்யாணம் ஆன புதுசுல சித்தப்பா கதையைச் சொல்லிச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ வருசம் ஆச்சு. எனக்கும் சிரிப்பு வந்திருச்சு. ரெண்டு பேரும் போன்ல சிரிக்கறோம். பேரன் பாட்டிகிட்ட "என்ன அமுச்சி, என்ன அமுச்சி"ங்கறான். அப்பறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "கனகாம்பரம்"னா. "கனகாம்பரம்ங்க. ஆரஞ்சுக் கலர். நல்லாப் போடச் சொல்லுங்க."

"மெம்பர் ஆயிரட்டுமா?"ன்னன். "ஆயிருங்க. அங்க உங்களைப் பார்த்துக்க ஆள் இருக்குதே"ன்னா. "கையெழுத்துப் போட்டுட்டு உண்மையைச் சொல்லி உன்ர பேர்லயும் கார்டு வாங்கிக்கறன்"னன்.

"வேண்டாங்க. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்"னா.

எவ்வளவு பெரிய மனசு பாருங்க. என்ர மானம் போயிரக் கூடாதுன்னு, நாலு பேர் முன்னால நான் பொய்யன் ஆயிரக் கூடாதுன்னு, செத்தவளாவே இருந்துக்கறங்கறா. யாரு தம்பி சொல்லுவா? அதுக்கப்பறம், "மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க"ன்னு சொல்லி வெச்சுட்டா. அவ சொன்ன விதம் என்னமோ, ஊருக்குப் போறவிக வாசல்ல நின்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. பையனுக்குப் பசிச்சிருக்கும், அவசரம்.

அதனால பாதி முடிவு ஆனாப்பலதானுங்க. வீட்டுலயும் கேட்டாச்சு, சரின்னுட்டா. இருந்தாலும் வெளியாளு ஒருத்தரைக் கேட்டுக்கலாம்னுதான் உங்களைப் பிடிச்சன். என்ன சொல்றீங்க? நியூஜெர்சிக்குப் போங்கங்கறீங்களா? போய் எங்க தங்கறது, அந்தக் கீழ் ரூம்லயா? நான்தான் சொன்னனே. இல்லை தம்பி, அது சரிப்படாது. அவ வரட்டும். பையன் ஒண்ணாவது போகட்டும், அவளுக்கும் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும், அப்ப வருவா. வந்தா இங்க எல்லாரும் பயந்துக்குவாங்க, அதை நெனைச்சாத்தான் சிரிப்பு வருது.

போர்வை காய்ஞ்சிருச்சு, பாருங்க. அருமையாக் காய்ஞ்சிருச்சு. தம்பி, ஒரே ஒரு ஒத்தாசை. கல்லை கேரல்கிட்ட இருந்து காலையிலயே வாங்கிட்டு வந்துட்டன், போட்டோ எடுத்து சாந்தாமணிக்கு அனுப்பலாம்னு. வண்டியிலதான் இருக்குது. பத்து கிலோ அரிசிப் பை கனம். சாயங்காலம் பாதைக்குக் கொண்டு போகோணும், ஒரு கை பிடிக்கறீங்களா?

ஏன் தம்பி பின்னால போறீங்க? ஓ. சரி சரி. வீட்டம்மா, பாப்பா எல்லாம் இருக்கறாங்க, வேண்டாம். நீங்க தொட வேண்டாம். எனக்கு அது தோணலை பாருங்க. வால்ட்டு வருவாரு, அவரு பிடிச்சுக்குவாரு. போயிட்டு வாங்க. பாப்பா ஓடுனா கத்துங்க, பரவாயில்லை, நல்லாச் சத்தமாக் கத்துங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டன் தம்பி. காலையில அந்தக் கல்லை வெக்க எடமில்லாம முன்சீட்டுல வெச்சனுங்க. கேஸ் நிரப்பறதுக்கு வண்டியை நகர்த்தலாம்னு சாவியைத் திருப்புனன். கீ கீ கீன்னு கத்துச்சு. மூணு வருசமா அந்தச் சத்தமே இல்லை. என்ர வாயில தானா வந்திருச்சு, "பெல்ட்டைப் போடு சாந்தா"ன்னு. வண்டி அது பாட்டுக்குக் கத்திக்கிட்டே இருந்துச்சு. கொஞ்ச நேரம் கத்தட்டும்னு விட்டன். அப்பறம் நானே குனிஞ்சு பெல்ட்டை இழுத்து, கனகாம்பரத்து மேல படாம மாட்டி விட்டனுங்க.